நுரையாகவே வந்த பீர்

ரஞ்சித்குமாரைப் பற்றிச் சொல்வதென்றால் அவன் கராஜிலிருந்துதான் தொடங்கவேண்டும். வீட்டுக்குள் அவனைப் பார்ப்பது அபூர்வம். அமெரிக்காவில், சுகர் லேண்டில் எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் இரண்டு கார் நிற்கிற கராஜ் உண்டு, ஆனால் யார் கராஜிலும் கார் நிற்பதில்லை. எங்கள் வீட்டில் அந்த இடம் அட்டைப்பெட்டிகளுக்குப் போய்விட்டது. எதிர்வீட்டு ரஞ்சித்தின் கராஜில் ஒரு பழைய ஃப்ரிட்ஜ் நிற்கும். அதன் கதவில் ஓட்டை போட்டு ஒரு குழாய் பொருத்தியிருந்தான். குழாயை இழுத்தால் அவனே காய்ச்சிய பீர் வரும்.

அவனுக்கு வேலை, இயற்கை எரிவாயுவைக் குழாயில் அனுப்புகிற ஒரு கம்பெனியின் கண்ட்ரோல் ரூமில். எந்த ஊரில் அழுத்தம் ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று நாளெல்லாம் திரையில் எண்களைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. போகவும் வரவும் ஃப்ரீவேயில் மணிக்கணக்காக ஊர்ந்து, வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருப்பான். என் ஜன்னலிலிருந்து பார்ப்பேன். தூங்குகிறானோ என்று முதலில் நினைத்தேன். தூங்கவில்லை, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி சும்மா இருப்பான்.

பீர் காய்ச்சுவதை அவன் பொழுதுபோக்கு என்றுதான் சொல்வான். எனக்கு அது இன்னொரு ஷிஃப்ட் மாதிரிதான் தெரியும். பார்லியை வெந்நீரில் ஊறப்போட்டு, வடிகட்டி, ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆற்றி, ஈஸ்ட் தூவி மூடிவைத்து, வாரக்கணக்கில் காத்திருந்து, பிறகு கெக் என்கிற எஃகுக் கேனில் நிரப்பவேண்டும். அந்தக் கேனுக்குக் கரியமில வாயுவை ஏற்றினால்தான் பீரில் சுறுசுறுப்பு வரும். அதற்காக ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சிலிண்டர் நின்றது. அதன் தலையில் அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு, பக்கத்தில் ஒரு முள். காய்ச்சுகிற நாளில் தெரு முழுக்கக் கேழ்வரகுக் கூழ் கொதிக்கிற வாசனை வரும். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். காய்ச்சத் தெரியாவிட்டாலும் குடிக்கத் தெரியும், அதைக் குறை சொல்லவும் தெரியும்.

ரஞ்சித்துக்கு ஐம்பது நெருங்குகிறது, தலையில் பாதிக்கு மேல் நரை. சொந்த வீட்டில், சொந்தக் கையால் காய்ச்சியதை, எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக்கொண்டு, கதவுப்பக்கம் ஒரு காதை வைத்தபடி குடிப்பான். காரணம் அவன் அப்பா சுப்பையன். கோபிப் பக்கத்துக் குடும்பம். மகன் எதைக் குடித்தாலும் அப்பா கண்ணில் மட்டும் படக்கூடாது. ஃப்ரிட்ஜில் இருப்பது சோடா மெஷின் என்று அப்பாவிடம் சொல்லிவைத்திருந்தான். அப்பா ஏழு மணிக்குச் சாப்பிட்டு ஏழரைக்குப் படுத்துவிடுவார். அதன் பிறகுதான் எங்களுக்குக் குழாய் திறக்கும்.

சுப்பையன் போக்குவரத்துக் கழகத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போனபிறகு கோபியில் இருந்த வீட்டை விற்றுவிட்டு, கிரீன் கார்டில் மகனிடம் வந்துவிட்டார். காலையில் பாக்கெட் வைத்த சட்டையும் வேட்டியுமாகத் தெருமுனை வரைக்கும் நடந்து, நாயோடு வருகிற வெள்ளைக்காரர்களுக்கெல்லாம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருவார். ஒருநாள் என்னை நிறுத்தி, "இங்கயே இருந்துக்கறனுங்க தம்பி. வெண்பா பேசறது ஒண்ணும் புரியுல, ஆனா காதுக்கு நல்லாருக்குது," என்றார். வெண்பா அவர் பேத்தி, எட்டாம் வகுப்பு. தாத்தா தமிழில் கேட்பார், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இரண்டு பேரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அப்படியே போயிருக்கும். கோடையில் ஒருநாள் மத்தியானம் அவர் பால் காய்ச்ச அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துபோனார். பால் பொங்கி, தீய்ந்து, புகை அலாரம் அலறி, தீயணைப்பு வண்டி தெருவுக்குள் வந்துவிட்டது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை, பாத்திரம்தான் போனது. ரஞ்சித் வேலையிலிருந்து ஓடிவந்தான். கேஸ் விஷயத்தில் இப்படியா இருப்பது, வீடே போயிருக்குமே என்று அப்பாவைச் சத்தம்போட்டான். வாயுக் குழாய் வெடித்தால் என்ன ஆகும் என்று தினமும் திரையில் பார்த்துப் பயந்துகொண்டிருக்கிறவன், பயம் கோபமாக வந்துவிட்டது. அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பேச்சு ஆரம்பித்தது. யாமினி, ரஞ்சித்தின் மனைவி, வேலைக்குக் கிளம்பும்போது அடுப்புப் பக்கம் போகவேண்டாம் என்று மாமனாரிடம் சொல்வாள். அவர், "பயப்படாத கண்ணு, நாந்தான் டெய்லி சிலிண்டரை மூடிப்போடறனே," என்பார். முதல் தடவை அவளுக்குப் புரியவில்லை. இரண்டாம் தடவை பயந்துபோனாள். அமெரிக்காவில் அடுப்புக்குக் கேஸ் குழாயில் வருகிறது, மூடுவதற்கு ஏது சிலிண்டர்? ராத்திரி சமையல் முடிந்ததும் மூடுகிறேன், காலையில் நீ காப்பி போட எழுவதற்கு முன்னால் திறந்துவிடுகிறேன் என்று அவர் விளக்கமாகச் சொன்னார். கோபியில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார், செத்துப்போன அத்தை இன்னும் சமையல்கட்டில் இருப்பதாக நினைக்கிறார் போலிருக்கிறது என்று யாமினி என் மனைவியிடம் அழுதாள்.

எங்களைப் போன்றவர்கள் எல்லாவற்றையும் இணையத்தில் தேடுவோம், டாக்டரிடம் கேட்போம், கூடவேலை செய்கிறவனிடம் கேட்போம். அந்தச் சிலிண்டர் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்று அவரிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. ஞாபக மறதி டாக்டரிடம் அழைத்துப்போனார்கள். கடிகாரம் வரையச் சொன்னார், தேதி கேட்டார், சில சொற்களைச் சொல்லி, பிறகு திருப்பிச் சொல்லச் சொன்னார். முக்கால்வாசி சரியாகச் சொன்னார் சுப்பையன். டாக்டருக்கு ரஞ்சித்தான் மொழிபெயர்த்தான். வீட்டில் இல்லாத சிலிண்டரைத் தினமும் மூடுவதாகச் சொல்கிறார் என்றும் சொன்னான். டாக்டர் அதைக் குறித்துக்கொண்டு, இல்லாதது இருப்பதாகத் தோன்றுவது இந்த நோயில் உண்டு என்றும், தனியாக விடவேண்டாம் என்றும் சொல்லி ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவரிடம் போய்ச் சேர்ந்த செய்தி அதுதான்.

திரும்பி வருகிற வழியில் காரில் ரஞ்சித் அப்பாவிடம் பொறுமையாகச் சொன்னானாம். "நம்மூட்டுல சிலிண்டரே இல்லீங்ப்பா. உங்களுக்கு அப்படித் தோணுது. தோணுச்சுன்னா நம்பாதீங்க." அவர் சரியென்று தலையாட்டினார் என்று பிறகு என்னிடம் சொன்னான்.

தனியாக விடவேண்டாம் என்பது சொல்ல எளிது. யாமினிக்கு வேலை, இவனுக்கு ஷிஃப்ட், ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ள இங்கே ஆகிற செலவு ஊரறிந்தது. கோயம்புத்தூரில் நர்ஸோடு கூடிய ஒரு முதியோர் இல்லம் பார்த்தார்கள். நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை முடிந்ததும் ரஞ்சித் கூட்டிக்கொண்டுபோய் விட்டுவருவதாக ஏற்பாடு. டிக்கெட்டும் போட்டாயிற்று. அப்பாவிடம் சொன்னபோது அவர் சண்டை போடவில்லை. "எனக்கு இப்ப நல்லாகிருச்சுன்னாக்கூடவா?" என்று மட்டும் கேட்டாராம். அந்த வாரம் முழுக்க அவன் காரைவிட்டு இறங்க இன்னும் அதிக நேரம் எடுத்துக்கொண்டான்.

இதற்கு நடுவில்தான் பீர் மக்கர் பண்ணியது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் என்னைக் கூப்பிட்டான். குழாயை இழுத்தால் சீறிக்கொண்டு வெறும் நுரையாகவே வந்தது. டம்ளர் நிறைய நுரை, அடியில் ஒரு மடக்கு பீர். சாதாரணமாக இருந்தால் சிரித்திருப்பேன். அவன் முகத்தைப் பார்த்தால் சிரிக்கத் தோன்றவில்லை. ஷேவ் செய்து வாரம் ஆகியிருக்கும். உள்ளே யாமினி மாமனாருக்குப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள், எடை பார்க்கிற மெஷின் அடிக்கடி கிரீச்சிட்டது. அவன் அதைக் கேட்க முடியாமல் வெளியே வந்திருந்தான் என்று எனக்குத் தெரியும்.

வாயு அளவுக்கு மீறி ஏறிவிட்டது என்றான். கெக்கின் தலையில் ஒரு வளையம் இருக்கும், அதை இழுத்தால் உள்ளே அடைந்திருக்கிற வாயு வெளியேறும். முதலில் சிலிண்டரிலிருந்து வருகிற குழாயைக் கழற்றி, கெக்கை ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுத்து வைத்தான், பிறகு வளையத்தை இழுத்தான். பஸ் டயரில் காற்று இறக்குகிற சத்தம். நின்றதும் விட்டுவிட்டான். இப்போது பீருக்குள் கரைந்திருப்பது மெதுவாக மேலே வரும், கொஞ்ச நேரம் பொறுத்துத் திரும்பவும் இழுக்கவேண்டும், இப்படியே சாயங்காலம் வரைக்கும், அவசரப்பட்டால் பீர் நுரைத்துக்கொண்டு வளையத்தின் வழியாகவே வந்துவிடும் என்றான். எனக்கும் வேறு வேலையில்லை. பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

இது ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்டேன். பன்னிரண்டில் இருக்கவேண்டிய முள் முப்பதில் நின்றது, திருகை அவன்தான் ஏற்றியிருக்கிறான். முந்தைய கெக் முழுக்கத் தகராறு, நம் இரண்டு பேருக்கும் ஊற்றும்போதே அழுத்தம் இறங்கி, மூன்றாவது டம்ளருக்குக் குழாயில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும் என்பதை நினைவுபடுத்தினான். ஆமாம், நான்கூடக் கேலி செய்திருக்கிறேன். எங்கேயோ கசிகிறது என்று சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தானாம், ஒரு குமிழிகூட வரவில்லை. காலையில் வந்து பார்த்தால் முள் பழையபடி ஏறி நிற்கும், ராத்திரி திரும்ப இறங்கும். அலுத்துப்போய் ஒவ்வொரு தடவையும் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போயிருக்கிறான். புதுக் கெக் மாட்டியபிறகு அழுத்தம் இறங்குவது தானாகவே நின்றுவிட்டது. ஏற்றிவைத்த முப்பதும் இரவும் பகலும் முழுசாக உள்ளே இறங்கியிருக்கிறது.

"ராத்திரி ஆனா இறங்கும், காலைல ஏறுமா?" என்றேன். "அது என்னடா, யாரோ டியூட்டி பாக்கற மாதிரி?"

நான் சும்மாதான் கேட்டேன். அவன் வளையத்தைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான். எழுந்து போய், ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சிலிண்டரைக் கட்டிப்பிடித்து வெளிச்சத்துக்கு இழுத்து வைத்தான்.

அதன் வயிற்றில் மூன்று விரல்களால் இழுத்த சந்தனப் பட்டை காய்ந்திருந்தது. நடுவில் குங்குமப் பொட்டு.

எங்கள் வீடுகளில் ஆயுத பூஜைக்கு எதற்குத்தான் பொட்டு வைப்பதில்லை? கார், கம்ப்யூட்டர், மிக்ஸி, அடுப்பு. ஊரில் கேஸ் சிலிண்டருக்கும் வைப்போம். சிலிண்டரை இழுத்த சத்தம் கேட்டு, என்ன ஆயிற்று என்று பார்க்க யாமினி கராஜ் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். பொட்டைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டாள். தான் வைக்கவில்லை, காருக்கும் அடுப்புக்கும் மட்டும்தான் வைத்தேன், மிச்சச் சந்தனக் கிண்ணத்தை மாமா வாங்கிக்கொண்டு போனார் என்றாள். அப்புறம் மெதுவாக, "அப்ப மாமா சொன்னது இந்தச் சிலிண்டரா?" என்றாள்.

ரஞ்சித் கெக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பால் தீய்ந்த அந்த வாரத்தில் ஒருநாள் அவன் ஆபீஸ் விஷயமாகப் போனில் பேசிக்கொண்டிருந்தபோது அப்பா கராஜில் நின்று, இது என்ன சிலிண்டர் கண்ணு என்று கேட்டிருக்கிறார். சோடாவுக்கு எதற்கு இவ்வளவு பெரியது என்று அடுத்த கேள்வி வரும். பீர் விஷயம் வெளியே வந்துவிடுமே என்று போனைப் பொத்திக்கொண்டு, "கேஸுதாங்ப்பா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டான். அவர் பிடித்துக்கொண்டார். மகன் கேஸ் விஷயத்தில் கவனமாக இருக்கச் சொன்னான், வீட்டில் கேஸ் இங்கேதான் இருக்கிறது. அன்றிலிருந்து ராத்திரி படுக்கப் போகுமுன் மூடிவிட்டு, விடிந்ததும் திறந்திருக்கிறார். அவர் படுத்தபிறகு நாங்கள் மூடிய சிலிண்டரில் பீர் பிடித்திருக்கிறோம். டாக்டரிடம் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தபோது இவனுக்கு இந்தச் சிலிண்டர் நினைவுக்கே வரவில்லை. அப்பாவிடம் மறைத்துவைத்த ஒன்று அப்பா பேச்சில் வரும் என்று அவன் நினைத்துப் பார்க்கவேயில்லை.

புதுக் கெக் மாட்டியது டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த வாரம். அவர் மூடுவதை நிறுத்தியதும் அதே வாரம்தான் என்று எனக்குக் கணக்கு ஓடியது. ஏன் நிறுத்தினார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. பால் மறதியை விட்டுத்தள்ளு, அது எனக்கும் நடக்கும், டிக்கெட்டைக் கேன்சல் பண்ணு, பணம் வந்தாலும் சரி வராவிட்டாலும் சரி என்று யாமினி சொல்லிக்கொண்டிருந்தாள். வேறொரு டாக்டரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லவேண்டும் என்றான். அதற்கு முன்னால் அப்பாவிடம் சொல்லவேண்டும், பீரையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். நான் வீட்டுக்குப் போகிறேன் என்று எழுந்தேன், இரு என்றான்.

சுப்பையனை யாமினி கூட்டிவந்தாள். பெட்டியில் வைக்க எடுத்த ஒரு துண்டு கையோடு வந்திருந்தது. சிலிண்டர் கராஜின் நடுவில், பொட்டு அவரைப் பார்த்தபடி நின்றது. அவர் என்னைப் பார்த்து, சாப்பிட்டாச்சுங்களா தம்பி என்று விசாரித்தார். ஃப்ரிட்ஜைப் பார்த்தார், நுரை சிந்தி நனைந்த தரையைப் பார்த்தார், வெளியே தெருவைப் பார்த்தார். நடுவில் இருந்ததை மட்டும் பார்க்கவில்லை.

"அப்பா, இங்க பாருங்க," என்றான் ரஞ்சித். "இதென்னன்னு சொல்லுங்க."

"எதுங்கண்ணு?"

"இதுதானுங்ப்பா. முன்னால இருக்கறது."

அவர் மகனிடம் போக இரண்டடி எடுத்துவைத்தார். வழியில் சிலிண்டர் இருந்தது. வேட்டி அதில் பட்டுவிடாமல் கையில் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, அதைச் சுற்றி வளைந்து நடந்துபோய், மகன் முன்னால் நின்றார்.

"ஒண்ணுமில்லீங்களே கண்ணு," என்றார். "எனக்கு ஒண்ணும் தெரியுல. டாக்டரு குடுத்த மாத்திரை நல்லா வேலை செய்யுது. இப்பெல்லாம் சிலிண்டரு கிலிண்டரு ஒண்ணும் தெரியறதில்ல. யாமினியை வேணும்னா கேட்டுப்பாரு. அதைப்பத்தி நான் பேசறதே இல்ல."

டாக்டர் அறையில் கேட்ட கேள்விகளுக்குச் சொல்வதுபோல் நிமிர்ந்து நின்று சொன்னார். முகத்தில் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. இந்தத் தடவை சரியான பதில் அவருக்குத் தெரிந்திருந்தது. யாமினி கதவில் சாய்ந்துகொண்டு அழ ஆரம்பித்தாள்.

ரஞ்சித்குமார் அவர் கையைப் பிடித்து இழுத்துப் போய் சிலிண்டரின் மேல் வைத்தான். "இருக்குதுங்ப்பா. நெசமாவே இருக்குது. நாந்தான் பொய் சொன்னேன். இது பீருக்கு வெச்ச சிலிண்டரு. நான் குடிக்கறனுங்ப்பா, அதை மறைக்கறதுக்கு உங்ககிட்ட கேஸுன்னு சொல்லிப்போட்டேன். உங்களுக்கு ஒண்ணுமில்ல. நீங்க ஊருக்குப் போகவேண்டாம்."

பீர் என்ற சொல் அவர் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. அதை மறைப்பதற்குத்தான் இவன் இத்தனை நாள் எவர்சில்வர் டம்ளரோடு இருட்டில் நின்றான். அவர் உள்ளங்கையை இரும்பிலிருந்து எடுத்தார், திரும்ப வைத்தார், சந்தனப் பட்டையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். மகன் முகத்தை வெகுநேரம் பார்த்தார். போக வேண்டாம் என்பதையும் இன்னொரு பரீட்சை என்றுதான் நினைத்திருக்கவேண்டும், சந்தோஷப்படவே அவருக்குப் பயமாக இருந்தது.

கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீங்க வெளியாளு," என்றார். "நீங்க சொல்லுங்க. இங்க சிலிண்டர் இருக்குதுங்களா?"